சொல்லாமல் குடித்த காபி

"டேய், எங்கப்பனைக் கொன்னவனே! எங்க தெருவுக்கு எப்பத் தண்ணி?"

பக்கத்து ஊர் தியாப் இப்படித்தான் வஸ்ஃபியைக் கூப்பிடுவார். சந்தையில், கல்யாண வீட்டில், பள்ளிவாசல் படியில், எங்கே பார்த்தாலும் இதுதான். வஸ்ஃபியும் டிராக்டர் இரைச்சலுக்கு மேலே கத்துவார்: "உங்கப்பா மேலேர்ந்து மழையா அனுப்பினாத்தான் உண்டுண்ணே! கீழ குழாய்ல காத்துதான் வருது!" புதிதாகக் கேட்பவர்களுக்கு முகம் வெளுத்துவிடும். எங்களுக்குப் பழகிப்போனது. உண்மையிலேயே தியாபின் அப்பா வஸ்ஃபியின் வண்டி மோதித்தான் செத்தார்.

வஸ்ஃபி எங்கள் பாலஸ்தீனக் கிராமமான கஃப்ர் சுமாக்கின் தண்ணீர்க்காரர். எங்கள் வயல்களுக்கு அடியில் தண்ணீர் இருக்கிறது. அதை உறிஞ்சும் குழாய் எங்கள் வேலிகளைத் தாண்டி நேரே மலை உச்சியில் இருக்கும் இஸ்ரேலியக் குடியிருப்புக்கு ஏறிவிடுகிறது. அங்கே புல்தரையில் தெளிப்பான் சுழல்வதை எங்கள் கூரையிலிருந்தே பார்க்கலாம். வெயில் பட்டால் அதில் வானவில்கூடத் தெரியும். கூரையில் எங்கள் கறுப்புத் தொட்டிகள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த வானவில்லையே பார்த்துக்கொண்டிருக்கும். அவற்றை நிரப்ப வஸ்ஃபியின் டிராக்டரும் அதன் பின்னால் ஆடிக்கொண்டு வரும் இரும்புத் தண்ணீர்த் தாங்கியும்தான்.

இளமையில் தெல் அவீவில் டைல்ஸ் ஒட்டியவர். யார் யார் வீட்டுக் குளியலறைகளிலோ மண்டியிட்டு மண்டியிட்டு முழங்கால்கள் கல்லாகிவிட்டன. ஹீப்ரு அங்கே படித்ததுதான். அதில் வசவுகளையே முதலில் கற்றதாகச் சொல்வார். ஒரு வருடம் இஸ்ரேலுக்குள் போகும் அனுமதிச் சீட்டை அதிகாரிகள் புதுப்பித்துத் தரவில்லை. காரணம் கேட்டார். பாதுகாப்புக் காரணம், ரகசியம் என்றார்கள். "என்னைப் பத்தின ரகசியம், எனக்கே தெரியாத ரகசியம்!" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்துவிட்டுப் பழைய டிராக்டர் ஒன்றை வாங்கினார்.

தியாபின் தெரு செங்குத்துச் சரிவு. ஒரு சாயங்காலம் வஸ்ஃபி அங்கே வண்டியை நிறுத்தினார். கை பிரேக்கை இழுத்தார். சக்கரத்துக்குப் பின்னால் கல் வைக்க மறந்தார். குழாயை எடுக்க இறங்கியதும் வண்டி பின்னோக்கி உருண்டது. சுவரோரம் நாற்காலி போட்டு வெயில் காய்ந்துகொண்டிருந்தார் தியாபின் அப்பா.

அடக்கம் முடிவதற்குள் வஸ்ஃபி எங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். இதை நாங்கள் ஜாஹா என்போம். தவறு செய்தவன் பக்கத்தார் கூட்டமாகப் போய் அடிபட்ட வீட்டில் உட்கார வேண்டும். அவர்கள் சர்க்கரை போடாத காபி ஊற்றுவார்கள். வந்தவர்கள் அதை வாயில் வைக்காமல் கீழே வைத்துவிட வேண்டும். செய்ததைச் செய்தோம் என்று சொல்லி மன்னிப்பைக் கேட்க வேண்டும். வீட்டுக்காரர் "காபியைக் குடிங்க" என்றால் மன்னிப்பைக் கொடுத்தாயிற்று என்று பொருள். அந்த வார்த்தை வரும்வரை கோப்பையைத் தொடக் கூடாது. குடித்துவிட்டாலோ விஷயம் முடிந்தது, அதன் பிறகு எவனும் அதைக் கிளற முடியாது.

வழக்கப்படி பெரியவர் ஒருவர்தான் பேச வேண்டும். அன்று அவர் தொண்டையைச் செருமுவதற்குள் வஸ்ஃபி எழுந்து நின்றுவிட்டார்.

"என் வண்டி. என் கை. கல்லு வைக்க மறந்தது நான். வேற யாரு மேலயும் தப்பு இல்ல."

தியாப் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோப்பையில் ஆவி அடங்கிவிட்டது. கடைசியில் தம்பியைப் பார்த்து, "ஆறிப்போச்சு, வேற ஊத்து," என்றார். பிறகு வஸ்ஃபியைப் பார்த்தார். "குடிடா."

அன்றிலிருந்துதான் அந்தக் கூப்பாடு. அந்தக் கூப்பாட்டைக் கேட்கும்போதெல்லாம் இரண்டு ஊர் இளைஞர்களும் சிரிப்பார்கள். வஸ்ஃபி அன்று ஓடி ஒளிந்திருந்தால் அதே இளைஞர்கள் இன்று கத்தியோடு அலைந்துகொண்டிருப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இனி இன்ஆம். வஸ்ஃபியின் மனைவி. அவர் கத்துவதை நிறுத்த இவள் புருவத்தை உயர்த்தினால் போதும். எங்கள் திராட்சைத் தோட்டங்கள் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டன. வசந்தத்தில் சமையலுக்குத் திராட்சை இலை பறிக்கப் போகிறவர்கள் மலைக் குடியிருப்புக்காரர்களின் வண்டிகள் பறக்கும் சாலையைக் குறுக்கே கடந்தாக வேண்டும். மடி நிறைய இளம் இலைகளோடு திரும்பும்போது இன்ஆமை ஒரு வெள்ளை வண்டி அடித்தது. அங்கேயே உயிர் போய்விட்டது.

சரிவில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஜும்ஆ பார்த்தார். வண்டி நின்றது. மெலிந்த இளைஞன் ஒருவன் இறங்கி வந்தான். குனிந்து பார்த்தான். இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டான். பிறகு ஏறிப் போய்விட்டான். இஸ்ரேலிய வண்டிகளுக்குரிய மஞ்சள் நம்பர் பலகை. பின்னால் தேன்பெட்டிகள் அடுக்கியிருந்தன.

தேன்பெட்டி வண்டி யாருடையது என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மலை மேல் மெனாஹெம் என்பவர் தேனீ வளர்க்கிறார். அவருடைய தேனீக்களுக்கு அனுமதிச் சீட்டு வேண்டியதில்லை. எங்கள் பாதாம் பூக்களுக்குத் தினமும் வந்து போகும். வண்டியை ஓட்டுவது அவர் மகன். அன்றைக்குப் பிறகு அந்த வண்டியையும் காணோம், மகனையும் காணோம்.

புகார் கொடுக்கக் காவல் நிலையத்துக்குப் போனார் வஸ்ஃபி. அது இன்னொரு குடியிருப்புக்குள் இருக்கிறது. வாசலில் காவல்காரன் உள்ளே விடவில்லை. யாராவது வந்து அழைத்துப் போகவேண்டும் என்றான். யாரும் வரவில்லை. மறுநாளும் போனார். அதற்கடுத்த நாளும் போய் நின்றார். ஒருவழியாக உள்ளே போனபோது அதிகாரி கேட்ட முதல் கேள்வி: "உங்க மனைவி ஏன் சாலையைக் கடந்தாங்க?"

"அந்தப் பக்கம் எங்க தோட்டம் இருக்கு."

"அதான் ஏன் கடந்தாங்க?"

பார்த்தவர் ஆடு மேய்ப்பவர், தொலைவில் இருந்தார், வெயில் கண்ணில் அடித்திருக்கும். இப்படி எழுதி, ஓட்டியவர் அடையாளம் தெரியவில்லை என்று வழக்கை மூடிவிட்டார்கள். அந்த அதிகாரி மலை மேல் போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தாலே வண்டி யாருடையது என்று தெரிந்திருக்கும் என்பார் ஜும்ஆ.

ஆனால் வஸ்ஃபியின் கோபம் காவல் நிலையத்தின் மேல் இல்லை. துக்க நாட்களில் வீட்டு முற்றத்தில் ஒரு வரிசை நாற்காலியை அவர் காலியாகவே வைத்திருந்தார். யாராவது உட்காரப் போனால், "அங்க வேணாம், ஆள் வருவாங்க," என்பார். கரி அடுப்பில் காபிக் குடுவை அணையாமல் இருந்தது. யாரை எதிர்பார்க்கிறார் என்று எங்களுக்குப் புரிந்தபோது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவே கூச்சமாக இருந்தது.

மகள் லமீஸ் நாப்லுஸ் நகரத்தில் நர்சிங் படிக்கிறாள். அவள்தான் வாயைத் திறந்தாள்.

"அப்பா, அவங்க வரமாட்டாங்க. அவங்க வழக்கம் வேற."

"என்ன பெரிய வழக்கம்? கொன்னா வந்து சொல்லணும். அது எந்த ஊர்ல வழக்கம் இல்ல?"

"வேணும்னே இடிச்சிருந்தா?"

"வேணும்னு இடிச்சவன் தலையில கை வைக்கமாட்டான். சின்னப் பையன், வளைவுல வந்துட்டான், பயந்துட்டான். நானும்தான் பயந்தேன். அதுக்காக ஓடினேனா?" காலி நாற்காலிகளைக் காட்டினார். "அவங்கப்பன் கூட்டிட்டு வரணும்டி. காதைப் பிடிச்சு இழுத்துட்டு வரணும். வந்து, நாங்கதான்னு சொல்லணும். சொன்னா முடிஞ்சுது. ஒரு காசு வேணாம் எனக்கு. ஜெயிலும் வேணாம்."

யாரும் வரவில்லை. காலி நாற்காலிகளை நாங்கள்தான் மடித்துத் திருப்பிக் கொடுத்தோம்.

அடுத்த அறுவடையும் முடிந்த பிறகு நூரித் வந்தார். இரு தரப்பையும் சந்திக்க வைக்கும் அண்டை வீட்டார் மன்றம் என்ற அமைப்பை நடத்துகிறவர், இஸ்ரேலிய யூதப் பெண். கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். ஆலிவ் பறிக்கும் நாட்களில் எங்களோடு மரத்தடியில் நின்று தன் சொந்த ஆட்களிடமே வசவு வாங்கியவர். வஸ்ஃபியின் முற்றத்தில் உட்கார்ந்து அவர் சொன்னதை நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

"மெனாஹெம் உங்க வீட்டுக்கு வரணும்னு ஆசைப்படறாரு."

வஸ்ஃபி டம்ளரைக் கீழே வைத்தார். "அவரா கேட்டாரு?"

"அவராத்தான். எங்க கூட்டங்களுக்கு இப்ப வர்றாரு. ரொம்ப மாறிட்டாரு."

"தனியாவா?"

"இல்ல, இன்னும் சில பேரோட."

"பெரியவங்களா?"

நூரித் கொஞ்சம் யோசித்தார். "வயசானவங்களும் இருக்காங்க."

அவ்வளவுதான். வஸ்ஃபிக்கு வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை. பெரியவர்களோடு வருகிறான், தானாகக் கேட்டு வருகிறான் என்றால் அது ஜாஹாதான், வேறென்ன? எங்கள் ஊரில் வேறு யார் கேட்டிருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பார்கள். துக்க வீட்டுக்கு இப்படிக் கூட்டமாக வருவதற்கு எங்களுக்கு வேறு காரணமே தெரியாது. அந்தப் பெண்ணுக்கோ அது வெறும் சந்திப்பு.

வஸ்ஃபி ஊரைத் திரட்டினார். நாற்காலிகள் மறுபடி வந்தன. சுண்ணாம்பு அடித்தார்கள். ஆடு அறுத்தார்கள். வீட்டுக்காரர் பக்கம் தலைமை தாங்கத் தியாப் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு வந்தார். இளைஞர்கள் சிலருக்குப் பிடிக்கவில்லை. ஒருவன் நேரடியாகவே கேட்டான்.

"நம்ம நிலத்துல உக்காந்திருக்கறவனுக்குக் காபி ஊத்துறீங்களா மாமா?"

"நிலத்துக்கு ஊத்தலடா. இன்ஆமுக்கு ஊத்துறேன்."

"அவனுங்க என்னைக்காவது தப்பை ஒத்துக்கிட்டிருக்கானுங்களா?"

வஸ்ஃபி அவனை நிமிர்ந்து பார்த்தார். "நாம? அந்தக் காலத்துல நம்மாளுங்க குண்டு வெச்சு அவங்க பஸ்ஸுங்க வெடிச்சுதே. உள்ள இருந்தது பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க, கெழவிங்க. யாராவது போனோமா? ஒருத்தன் போய் அந்த வாசல்ல நின்னானா? எனக்கு வழி விட்டா நான் போயிருப்பேன். என் பங்கு எதுவும் இல்லாட்டியும் போயிருப்பேன். யாராவது ஆரம்பிக்கணும்டா. இன்னைக்கு ஆரம்பிக்கிறவன் மலையில இருந்து இறங்கி வர்றான். நீ போய் நாற்காலி போடு."

அவன் போய் நாற்காலி போட்டான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போட்டான்.

மன்றத்தின் வேன் வந்தது. முதலில் இறங்கியது புகைப்படக்காரர். அடுத்து மன்றத்துக்குப் பணம் கொடுக்கும் நாட்டிலிருந்து வந்த வெள்ளைக்கார அம்மா. பிறகு நூரித். கடைசியில் நரைத்த தாடியும் பின்னல் தொப்பியுமாக மெனாஹெம். கையில் ஒரு தேன் ஜாடி. மகன் இல்லை. பெரியவர்கள் என்று நூரித் சொன்னவர்கள் வயதான இரண்டு தன்னார்வலர்கள். ஒருவர் வெயிலுக்குத் துணித்தொப்பி போட்டிருந்தார்.

தியாப் என் பக்கம் சாய்ந்து முணுமுணுத்தார். "ஜாஹாவுக்குத் தேன் கொண்டாந்திருக்கான். அடுத்தாப்ல கேக் வெட்டச் சொல்வான் போலிருக்கு."

கைப்பிடியில்லாத சின்னக் கோப்பையில் வஸ்ஃபி தானே காபி ஊற்றி மெனாஹெமிடம் நீட்டினார். முற்றம் அப்படியே நின்றது. கூரை மேல் பெண்கள், சுவர் மேல் பிள்ளைகள், எல்லோர் கண்ணும் அந்தக் கோப்பையில். வாங்குவார். கீழே வைப்பார். சொல்வார். அதற்காகத்தான் ஊரே கூடியிருந்தது.

மெனாஹெம் வாங்கினார். ஒரே மடக்கில் குடித்தார்.

"அருமையா இருக்கு," என்றார்.

புகைப்படக்காரரின் கேமரா டக் டக் என்று அடித்தது. வஸ்ஃபியின் கையில் காபிக் குடுவை சாய்ந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"குடிச்சிட்டீங்களே," என்றார் வஸ்ஃபி, ஹீப்ருவில். "ஒண்ணும் சொல்லாமலே குடிச்சிட்டீங்களே."

மெனாஹெமுக்குப் புரியவில்லை. நூரித்தைப் பார்த்தார். நூரித்துக்கும் புரியவில்லை. வஸ்ஃபி விளக்க விளக்க மெனாஹெமின் முகம் சிவந்தது. நூரித்தின் முகமோ மலர்ந்தது. "எவ்வளவு அழகான வழக்கம்!" என்றார். "அடுத்த மாசம் மாநாட்டு மேடையில இதையே செய்யலாமா? எல்லாரும் பாக்கணும் இதை!"

அந்தப் பெண் கெட்டவர் இல்லை என்று முன்னால் எழுதினேன். அதை இப்போதும் அழிக்கப் போவதில்லை. ஆனால் அந்த நொடியில் என் உள்ளங்கையில் நகம் பதிந்தது.

வஸ்ஃபி அவரைக் கவனிக்கவில்லை. "அதை விடுங்க. இப்பச் சொல்லுங்க," என்றார் மெனாஹெமிடம்.

மெனாஹெம் எழுந்து நின்றார். "உங்க துக்கம் என் துக்கம். அந்தச் சாலையில ஒரு கொடுமை நடந்துபோச்சு. எனக்கு ரொம்ப வருத்தம்."

"நடந்துபோச்சா? யாரு நடத்தினது?"

"அது கடவுளுக்குத்தான்…"

"கடவுளை விடுங்க. வண்டி யாருது?"

மெனாஹெம் தேன் ஜாடியைப் பார்த்தார். "என் மகன் இப்ப நாட்டுல இல்ல," என்றார். யாரும் மகனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நூரித் எழுந்தார். எல்லோருக்கும் உணர்ச்சி அதிகமாகிவிட்டது, இன்றைக்கு இது போதும் என்றார். வேன் கதவருகே மெனாஹெம் வஸ்ஃபியின் கையைப் பிடித்துத் தணிந்த குரலில் சொன்னதை அருகில் இருந்தவர்கள் கேட்டோம்: "இங்க முடியல. மாநாட்டுல சொல்றேன்."

வேன் போனதும் முற்றத்தில் வெடித்தது. குடித்தாயிற்று, வழக்கப்படி வஸ்ஃபிக்கு இனிமேல் கேட்க உரிமை இல்லை என்றார் ஒரு கிழவர். ஊரையே அவமானப்படுத்திவிட்டான் என்றார் இன்னொருவர். தியாப் கைத்தடியைத் தரையில் தட்டினார்.

"கேட்டுட்டுக் குடிச்சாத்தான் ஜாஹா. கேக்காம குடிச்சவன் வெறும் விருந்தாளி. விருந்தாளிக்குச் சோறு போட்டு அனுப்பியாச்சு. இன்ஆம் விஷயம் அப்படியே இருக்கு. இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. இவன் எங்கப்பனைக் கொன்னவன், ஆனா சொல்லிட்டுக் குடிச்சவன்."

கிழவர்கள் அடங்கினார்கள்.

மாநாடு பெய்த் ஜாலாவில் ஒரு ஹோட்டலில் நடந்தது. இரண்டு பக்கத்தாரும் சட்டப்படி வரக்கூடிய இடம் தேடினால் இப்படிச் சில ஹோட்டல்கள்தான் தேறும். வாசலில் துணிப் பதாகை: தீர்வுக்கான வாய்ப்புகள். வஸ்ஃபி கோட் போட்டுக்கொண்டு, வீட்டில் காய்ச்சிய காபியை ஃபிளாஸ்கில் எடுத்துக்கொண்டு வந்தார். தியாபும் லமீஸும் நானும் கூடப் போனோம். சோதனைச் சாவடியில் வெகுநேரம் காத்து, மூடியைத் திறந்து காட்டி, முகர்ந்து பார்க்கக் கொடுத்து, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தோம்.

மதியம்வரை வரைபடங்கள். ஒரு நாடா, இரண்டு நாடா, கூட்டாட்சியா, நிலத்துக்கு நிலம் மாற்றா. ஒவ்வொரு பேராசிரியரும் வேறு வேறு நிறத்தில் எங்களை வெட்டினார். கஃப்ர் சுமாக் எந்தப் படத்திலும் ஒரு புள்ளியாகக்கூட இல்லை. எதிர்காலம் என்ற சொல் எல்லோர் வாயிலும் புரண்டது. நேற்று நடந்ததைச் செய்தது யார் என்று எவரும் கேட்கவில்லை. கேட்டால் அரங்கின் சூழல் கெட்டுவிடுமாம். எத்தனை வருடமாக இப்படிப் பேசுகிறார்கள்! பேசிப் பேசியே அந்த ஹோட்டலின் கம்பளம் தேய்ந்துவிட்டது. மேசைக்கு மேசை தண்ணீர் பாட்டில் வைத்திருந்தார்கள். ஒன்றைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு அடுத்ததைத் திறந்தார்கள். வஸ்ஃபி அந்தப் பாட்டில்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவரையும் மெனாஹெமையும் மேடையில் உட்கார வைத்தார்கள். பின்னால் திரையில் அந்தப் படம்: வஸ்ஃபியின் முற்றத்தில் மெனாஹெம் காபி குடிக்கிறார். கீழே எழுத்து: ஒரு கோப்பையில் மலர்ந்த சமரசம். கைதட்டல்.

லமீஸ் என் காதருகே சொன்னாள். "பாத்தியா? முடிஞ்சுபோச்சுன்னு அவங்களே எழுதிட்டாங்க. எங்கம்மாவைப் பத்தி ஒரு வார்த்தை இருக்கா பாரு."

வஸ்ஃபி திரையைத் திரும்பிப் பார்த்தார். கோட் பையிலிருந்து கோப்பையை எடுத்தார். ஃபிளாஸ்கைத் திறந்து ஊற்றி மெனாஹெமின் முன்னால் வைத்தார். அரங்கில் ஏலக்காய் மணம் பரவியது.

"இந்தத் தடவை உங்களுக்குத் தெரியும்," என்றார்.

மெனாஹெம் கோப்பையைத் தொடவில்லை. மைக்கை அருகில் இழுத்தார். "ரெண்டு பக்கமும் வலி இருக்கு," என்று தொடங்கினார். "அந்தச் சாலை ரொம்பக் குறுகல். விளக்கு கிடையாது. நாங்க எத்தனையோ தடவை மனு கொடுத்திருக்கோம்…"

"பட்டப்பகல்ல எதுக்கு விளக்கு? சாலையா கொன்னுச்சு?"

"வஸ்ஃபி, நான் ஒரு அப்பா…"

"நானும் அப்பாதான். அதோ உக்காந்திருக்கா என் மக. அவ கிட்டச் சொல்லுங்க."

மெனாஹெமின் உதடு அசைந்தது. "என் மகன்…" என்றார். "வக்கீல் சொல்லியிருக்காரு, நான் எதையும்…" அங்கேயே நின்றுவிட்டது. வருத்தம் தெரிவிக்கலாம், ஒப்புக்கொள்ளக் கூடாது. அதுதான் வக்கீல் சொன்னது. வருத்தம் எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும். உலகம் முழுக்க எங்களுக்காக வருத்தப்படுகிறது. அந்த வருத்தத்தைத் தொட்டியில் ஊற்றினால் கூரை இடிந்து விழும்.

தலைமை தாங்கிய பேராசிரியர் குறுக்கிட்டார். உணர்வுகளை மதிக்கிறோம், ஆனால் நேரம் போகிறது என்றார். முன்வரிசையிலிருந்து எங்கள் பாலஸ்தீன நிர்வாகத்தின் அதிகாரி எழுந்தார். ராமல்லாவிலிருந்து வந்தவர், பட்டு டை கட்டியவர். மேடை ஓரமாக வந்து வஸ்ஃபியிடம் அரபியில் சொன்னார்.

"சகோதரரே, சொந்த விஷயத்தை இங்க கொண்டு வராதீங்க. கடைசி சமாதான ஒப்பந்தம் வரும்போது இதெல்லாம் அதுல வரும்."

"எந்தப் பக்கத்துல வரும்?" என்றார் வஸ்ஃபி. "இன்ஆம்னு போட்டிருக்குமா? நான் பொறந்ததுலேர்ந்து உங்க கடைசி ஒப்பந்தம் வந்துக்கிட்டுதான் இருக்கு. எங்க ஊர்த் தண்ணி மாதிரி. குழாயைத் திறந்தா காத்து."

பின்வரிசையில் தியாப் சத்தமாகச் சிரித்துவிட்டார். அதிகாரி முறைத்தார்.

நிகழ்ச்சியை முடித்துவிட்டார்கள். நரைமுடி பரிசாரகர் ஒருவர் வந்து மேடை மேசையைத் துடைத்தார். பாட்டில்கள், டம்ளர்கள், பெயர் அட்டைகள், எல்லாவற்றையும் தட்டில் அடுக்கினார். அந்தக் கோப்பையிடம் வந்ததும் கை நின்றது. வஸ்ஃபியைப் பார்த்தார், மெனாஹெமைப் பார்த்தார். கோப்பையை விட்டுவிட்டு அதைச் சுற்றித் துடைத்துக்கொண்டு போனார். அன்றைய மாநாட்டில் விஷயம் புரிந்த ஒரே ஆள் அவர்தான்.

மெனாஹெம் குடிக்கவில்லை. அதை மட்டும் அவர் கணக்கில் எழுதுகிறேன். கடைசிவரை தொடவில்லை. தலை குனிந்து வெளியே போய்விட்டார்.

அடுத்த வாரம் அந்தப் பழைய படம் ஊரெல்லாம் சுற்றியது. லமீஸிடம் கல்லூரியில், "உங்கப்பா சமாதானமாயிட்டாராமே?" என்று கேட்டார்கள். மூன்று மலை தாண்டிய கிராமத்தில்கூட, குடித்தாயிற்று, முடிந்தது என்றார்கள். வஸ்ஃபி யாரிடமும் விவாதம் பண்ணவில்லை. சிவப்புப் பெயின்ட் வாங்கினார். டிராக்டர் பின்னால் போகும் தாங்கியின் முதுகில், ஜும்ஆ டப்பாவைப் பிடித்துக்கொள்ள, பெரிய ஹீப்ரு எழுத்தில் எழுதினார்:

மெனாஹெம், வந்து சொல். காபி வைத்திருக்கிறேன்.

தண்ணீர் நிரப்பும் இடத்திலிருந்து எங்கள் ஊர் வருவதற்கு அந்த நெடுஞ்சாலைதான் வழி. ஏற்றத்தில் டிராக்டர் ஊரும். எதிரே வண்டிகள் வந்துகொண்டே இருப்பதால் முந்த முடியாது. மலைக்காரர்களின் கார்கள் வரிசையாகப் பின்னால் தேங்கி, வேண்டுமோ வேண்டாமோ, அதைப் படித்தாக வேண்டும். ஹாரன் அடிப்பார்கள். கண்ணாடியை இறக்கித் திட்டுவார்கள். வஸ்ஃபிக்கு அந்த வசவுகள் எல்லாம் தெல் அவீவிலேயே பழக்கம். "உச்சரிப்பு சரியில்ல, இன்னொரு தரம் சொல்லு!" என்று கையை ஆட்டுவார்.

சிப்பாய்கள் மறித்தார்கள்.

"யாரு இந்த மெனாஹெம்?"

"அவருக்குத் தெரியும்."

"இது மிரட்டல்தானே?"

"காபிக்கு வான்னு கூப்பிடறது மிரட்டலா? அப்ப உங்கம்மா தினம் உன்னை மிரட்டுறாங்க."

அழிக்கச் சொன்னார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, டீசல் துணியால் அழித்தார். மறுநாள் காலையில் மறுபடி எழுதினார். வண்டியைப் பிடித்து வைத்தார்கள். ஊரே தண்ணீரில்லாமல் கிடந்தது. மீட்டு வந்ததும் மறுபடி எழுதினார். இவ்வளவு எதற்கு, விட்டுவிடு என்று எங்களில் சிலரே சொன்னோம். "ஒரு வாக்கியம்யா," என்றார். "அவன் சொல்லவேண்டிய ஒரே ஒரு வாக்கியம். அதுக்கு எந்த நாட்டு எல்லையும் நகர வேணாம்."

போன வாரம் நடந்ததை ஜும்ஆவும் பார்த்தார், நானும் பார்த்தேன். மதிய வெயிலில் டிராக்டர் ஏற்றத்தில் வந்துகொண்டிருந்தது. பின்னால் வெள்ளை வண்டி. தேன்பெட்டிகள். அது முந்த முயலவில்லை. எதிரே சாலை காலியாகத்தான் இருந்தது. ஹாரனும் இல்லை. ஏற்றம் முழுக்க அந்தச் சிவப்பு எழுத்துக்குப் பின்னாலேயே மெதுவாக வந்தது. இன்ஆம் விழுந்த வளைவில் வஸ்ஃபி நிறுத்தினார். இறங்கினார். எப்போதும் போலச் சக்கரத்துக்குப் பின்னால் கல்லை வைத்தார். பிறகு சாலையோரம் நின்றார்.

வெள்ளை வண்டியும் நின்றது. உள்ளே மெனாஹெம். இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில். பக்கக் கண்ணாடி பாதிவரை இறங்கியது. வஸ்ஃபி ஒரு அடி எடுத்து வைத்தார், அப்புறம் நின்றுவிட்டார். வஸ்ஃபி போகக் கூடாது, மெனாஹெம்தான் வர வேண்டும்.

பின்னால் இன்னொரு கார் வந்து ஹாரனை அழுத்தியது. கண்ணாடி ஏறியது. வெள்ளை வண்டி டிராக்டரைச் சுற்றி வளைந்து மலைப் பாதையில் ஏறிப் போயிற்று.

ஜும்ஆ ஓடி வந்தார். "சொல்லியிருப்பான் வஸ்ஃபி! இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருந்தா சொல்லியிருப்பான். நின்னானே!"

"நின்னான்," என்றார் வஸ்ஃபி. "அன்னைக்கு அவன் மகனும்தான் நின்னான். நிக்கறது சொல்றது ஆகுமா?"

குனிந்து கல்லை எடுத்து இருக்கைக்கு அடியில் போட்டார். அன்று தியாபின் தெருவுக்கு முறை. சரிவில் டிராக்டரின் மூக்கு தெரிந்ததுமே மேலேயிருந்து குரல் வந்தது.

"டேய், எங்கப்பனைக் கொன்னவனே! ஏன்டா இவ்வளவு லேட்டு?"